இரண்டாம் படி: கேரள எல்லைப்புறத் தமிழ்த் தொகுப்புகளும் நூலகப் பேரிடர்க் காப்பும்

1. முன்னுரை

நூல்களைச் சேர்ப்பதும் அவற்றைப் படிப்பவருக்கு வழங்குவதும் நூலகத்தின் பணிகள் எனப் பொதுவாகக் கொள்வர். சேர்த்தவற்றைத் தீ, வெள்ளம், நிலச்சரிவு, போர் ஆகியவற்றினின்றும் காப்பதும் அப்பணியின் பகுதியே. எனினும் பேரிடர் நிகழ்ந்த பின்னரே அது நினைவுக்கு வருகிறது. பெரிய நூலகங்கள் அழிந்த வரலாற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. அழிவுக்குப் பின் எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை, அழிவுக்கு முன்பே வேறோர் இடத்தில் ஒரு படியையோ, பதிப்பையோ, மொழிபெயர்ப்பையோ, குறைந்த அளவு ஒரு பட்டியற் குறிப்பையோ பெற்றிருந்தவை ஆகும்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள பகுதிகளின் தமிழ்த் தொகுப்புகளை இக்கட்டுரை அவ்வுண்மையைக் கொண்டு ஆராய்கிறது. இத்தொகுப்புகளுக்கு இரண்டாம் படி அமைவது ஏன் அரிதாகிறது என்பதும், அக்குறையை நீக்குவதில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஆற்றக்கூடிய பங்கு யாது என்பதும் இங்கு ஆய்வுப் பொருள்கள்.

2. மூன்று ஆட்சிகளின் எல்லைப்புறம்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. திருச்சூரும் எர்ணாகுளமும் அவற்றிற்கு இடையே உள்ளன. ஆயினும் இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலை வழியாகத் தமிழகத்தோடு இணைந்தவை. இரண்டிலும் தமிழ் பேசுவோர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் உழவரும் நெசவாளரும் வணிகரும், இடுக்கி மலைகளில் தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளரும் அஞ்சுநாட்டு ஊர்களின் பழங்குடி உழவரும் இவருள் அடங்குவர். தமிழோடு நெருங்கிய உறவுடைய முதுவர், இருளர் பேச்சு வழக்குகளும் இந்நிலத்திற்கு உரியவையே.

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றிணையும்வரை இந்நிலம் மூன்று ஆட்சிகளின்கீழ் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உரியது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகள் திருவிதாங்கூரின் பகுதிகள். இடுக்கி என்னும் மாவட்டமே 1972இல் உருவானதாகும். இதனால் ஒரே மலைத்தொடரின் மக்களைப் பற்றிய எழுத்தாவணங்கள் சென்னை எழும்பூரிலும் கோழிக்கோட்டிலும் எர்ணாகுளத்திலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் பிரிந்து கிடக்கின்றன. திருவிதாங்கூரின் பழைய ஓலைச் சுருணைகளில் தமிழும் மலையாளமும் கலந்து வருகின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகிய எழுத்து வகைகளும் இடம்பெறுகின்றன.

ஆவணங்கள் பல இடங்களில் பரவியிருத்தல் ஒருவகையில் காப்பாக அமைகிறது. ஓரிடத்துத் தீயில் எல்லாம் ஒருசேர அழிவதில்லை. ஆனால் பரவியிருப்பவை ஒன்றற்கு ஒன்று படிகள் அல்ல, வெவ்வேறு பகுதிகள். ஒரு பகுதி அழிந்தால் பிற இடங்களில் அதனை ஈடுசெய்ய யாதும் இல்லை. மொழி வழியே எல்லை வகுக்கப்பட்ட பின்னர் வேறொரு சிக்கலும் எழுந்தது. தமிழ்நாட்டு நூலகங்கள் இப்பொருள்களைக் கேரளத்திற்கு உரியவை எனக் கருத இடமுண்டு. கேரள நூலகங்கள் இவற்றைத் தமிழுக்கு உரியவை எனக் கருதவும் இடமுண்டு. இரு தரப்பும் மற்றவரிடம் படி இருப்பதாக நம்பியிருக்கும் நிலையில் படி எங்கும் இல்லாமற் போகலாம்.

3. தோற்பாவைக்கூத்து ஏடுகள் காட்டும் நிலை

இந்நிலைக்குத் தக்க சான்று பாலக்காட்டுப் பகுதியின் தோற்பாவைக்கூத்து ஆகும். பகவதி கோயில்களை அடுத்த கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில், தோற்பாவைகளின் நிழலைத் திரையில் வீழ்த்தி இரவு முழுதும் இராமாயணக் கதை நிகழ்த்தப்படுகிறது. இதற்கு அடிப்படை கம்பராமாயணம். கம்பர் பாடல்களைப் புலவர்கள் பாடி, தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த நடையில் விரிவுரை கூறுகின்றனர். இப்பாடல்களும் உரையும் அடங்கிய சுவடிகள் ஆடல்பற்று எனப்படும். தமிழ்ப் பாடல்கள் அவற்றில் மலையாள எழுத்தில் வரையப்பட்டுள்ளன. அவை புலவர் குடும்பங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டு வந்தன.

நூலகப் பகுப்பு முறையில் இத்தகைய சுவடி எங்கு இடம்பெறும் என்பது எளிதில் விடை காணக்கூடிய வினா அன்று. எழுத்தை நோக்கினால் மலையாளப் பட்டியலிலும், பாடலை நோக்கினால் தமிழ்ப் பட்டியலிலும், உரைநடையை நோக்கினால் இரண்டிலும் சேர்க்க வேண்டியுள்ளது. பகுப்பில் ஐயம் எழும் பொருள் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. பட்டியலில் இல்லாத பொருள் அழிந்தால் அழிந்தது என்ற செய்தியும் பதிவாவதில்லை.

இம்மரபிற்கு இரண்டாம் படிகள் சில கிட்டியுள்ளன. ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் செல்ட்மன் இக்கூத்தை ஆராய்ந்து 1986இல் நூல் வெளியிட்டார். மரபுவழிப் புலவரான கே.எல். கிருஷ்ணன்குட்டிப் புலவர் தம் கலையைப் பற்றித் தாமே எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1996இல் நூலாக்கினார். காண்போர் ஒருவரும் இன்றி இரவெல்லாம் நிகழும் கூத்தையும் அவர் அதில் விளக்கியுள்ளார். கேட்போர் நினைவு என்னும் துணைக் காப்பு குறைந்துவிட்ட மரபிற்கு எழுத்தும் ஒலிப்பதிவும் எத்துணை இன்றியமையாதவை என்பது இதனால் தெளிவாகும்.

4. நீரும் நிலச்சரிவும்

எல்லைப்புற மலைகளில் தொகுப்புகளுக்கு நேரும் இடர் பெரும்பாலும் மழையினால் வருவது. 1924 ஜூலையில் பெய்த பெருமழை, கொல்லம் ஆண்டு 1099ஐ ஒட்டித் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என இன்றும் வழங்குகிறது. மூணாறில் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அவ்வெள்ளத்தில் அழிந்து, பின்னர் மீண்டும் அமைக்கப்படவே இல்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மலம்புழை அணை திறக்கப்பட்ட நிலையில் பாலக்காட்டு நகரின் பகுதிகள் நீரில் மூழ்கின. மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் நிலச்சரிவில் சிதைந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் மண்ணுள் புதைந்து, எழுபது உயிர்கள் மாண்டன. அவருள் பெரும்பாலோர் தமிழர்.

உயிரிழப்பின் முன் நூலிழப்பைப் பேசுவது முறையன்று. எனினும் தோட்டத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் ஒன்றை மறத்தலாகாது. தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்களின் கடிதங்கள், நிழற்படங்கள், வேலைச் சீட்டுகள், பாட்டு நோட்டுகள் ஆகியவை இத்தகைய குடியிருப்பு வரிசைகளில்தான் உள்ளன. அவற்றிற்கு நூலகம் இல்லை, அவ்வீடுகளே நூலகம். மலைச்சரிவில் நிற்கும் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் ஒரே படி எக்காலத்தும் இடருக்கு உட்பட்டதே.

5. ஏட்டு மரபில் படியெடுத்தல்

படியெடுத்துக் காத்தல் தமிழுக்குப் புதிதன்று. பனையோலை ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் நெடுங்காலம் நில்லாது. கறையானும் பூச்சியும் அரிக்க, ஓரங்கள் ஒடிய, சில நூற்றாண்டுகளுக்குள் ஏடு பழுதாகும். எனவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதுவது இடையறாத பணியாக நிகழ்ந்து வந்தது. சங்க நூல்கள் இன்று கிடைப்பது ஓர் ஏடு நிலைத்து நின்றதனால் அன்று. படிகள் தொடர்ந்து எடுக்கப்பட்டதனால் ஆகும்.

பாலக்காட்டுச் சித்தூர் இதற்கொரு சான்று தருகிறது. மலையாள இலக்கியத்தின் தந்தையாகப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகக் கருதப்படும் குருமடம் அங்குள்ளது. அங்கிருந்த அவருடைய ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில் தீக்கு இரையாயின. அவருடைய மகள் பெயர்த்தெழுதியதாகச் சொல்லப்படும் பாகவதப் படி ஒன்று வேறிடத்தில் எஞ்சியிருந்ததை ஏ.சி. பர்னல் குறித்துள்ளார். மூல ஏடு எரிந்த நிலையிலும் நூல் அழியாமைக்குக் காரணம் இத்தகைய படிகளே.

கேரளமே பிற நாட்டு இலக்கியத்திற்கு இரண்டாம் படியாக அமைந்த நிகழ்ச்சியும் உண்டு. வடமொழி நாடக ஆசிரியர் பாசனுடையவை எனக் கருதப்படும் 13 நாடகங்கள் பிற பகுதிகளில் வழக்கொழிந்திருந்தன. அவை மலையாள எழுத்தில் அமைந்த ஓலைச்சுவடிகளில் எஞ்சியிருந்தன. டி. கணபதி சாஸ்திரி அவற்றைக் கண்டெடுத்து 1912 முதல் திருவனந்தபுரத்திலிருந்து பதிப்பித்தார். வேறோர் எழுத்தில் எடுக்கப்பட்ட படிகள் ஒரு மொழியின் செல்வத்தைக் காத்தன என்பது எல்லைப்புறத் தொகுப்புகளை மதிப்பிடும்போது கருதத்தக்கது.

படியெடுக்கும் பழக்கம் தளர்ந்தபின் ஏடுகளுக்கு நேர்ந்த கதியை உ.வே. சாமிநாதையர் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ளார். பழுதுற்ற ஏடுகளை ஆற்றில் விடுதலும் நெருப்பில் இடுதலும் சமயக் கடமையாகவே செய்யப்பட்டன. புதுப்படி எடுத்தபின் பழைய ஏட்டை நீக்கிய காலத்தில் இச்சடங்கு தீங்கற்றதாக இருந்திருக்கலாம். படியெடுத்தல் நின்றபின்னும் சடங்கு மட்டும் தொடர்ந்ததே பேரிழப்புக்குக் காரணமாயிற்று.

6. யாழ்ப்பாணம் கற்பித்தது

தமிழுலகம் அறிந்த நூலக அழிவுகளுள் மிகப் பெரியது யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு ஆகும். கே.எம். செல்லப்பா 1933இல் தொடங்கிய சிறு முயற்சி வளர்ந்து, எஸ்.ஆர். ரங்கநாதனின் அறிவுரையோடும் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மனின் வரைபடத்தோடும் 1959இல் புதிய கட்டடம் பெற்றது. 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அது தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. எரியும் நூலகத்தைக் கண்ட அதிர்ச்சியில் மொழியியல் அறிஞர் தாவீது அடிகள் உயிர்நீத்தார் என்பர்.

இவ்வழிவில் இருவகை இழப்புகளைப் பிரித்தறிய வேண்டும். மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைச் சுவடி எரிந்தவற்றுள் ஒன்றெனக் கூறப்படுகிறது. ஆனால் அந்நூல் முன்பே அச்சேறியிருந்தது, சி. பிறிட்டோ அதனை 1879இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். அதனால் நூல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மற்றொரு வகை, அச்சேறாத, பெயர்க்கப்படாத, வேறெங்கும் பட்டியலிடப்படாத எழுத்துகள். அவற்றின் பெயர்களையேனும் முழுமையாகச் சொல்ல இயலாமை இழப்பை இருமடங்காக்கியது. பட்டியல் வேறிடத்தில் இருந்தால் உலகின் பிற நூலகங்களில் அதே நூலைத் தேடிப் படியெடுத்துத் தர இயலும். பட்டியலும் உடன் எரிந்தால் தேடவேண்டியது யாது என்பதே தெரியாது.

பட்டியலின் ஆற்றலுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல் நற்சான்று. அதுகாறும் வெளிவந்த நூல்களின் பெயர்களை அது பொருள்வாரியாகத் தருகிறது. நூல் கிடைக்காத இடத்தும் அத்தகைய நூல் ஒன்று இருந்தது என்னும் அறிவை அது காத்து நிற்கிறது. ஈழத்து நூல்களைத் தேடித் திரட்டி எண்மப் படிகளாக்கும் ‘நூலகம்’ முயற்சி 2005இல் தொடங்கியதும் யாழ்ப்பாண இழப்பின் நினைவோடு சேர்த்தே எண்ணத்தக்கது.

7. புளோரன்சும் லெனின்கிராடும்

நனைந்த நூல்களை மீட்கும் முறைகள் ஒழுங்குபட்ட அறிவாக வளர்ந்தது 1966 நவம்பர் 4ஆம் நாள் இத்தாலியின் புளோரன்சு நகரில் ஆர்னோ ஆறு பெருகியதன் பின்னரே. அங்குள்ள தேசிய மைய நூலகத்தின் கீழ்த்தளங்களில் வைத்திருந்த பெருந்தொகையான நூல்கள் சேற்றில் மூழ்கின. நூல்களை மீட்கச் சென்ற ஆங்கிலக் குழுவிற்குத் தலைமை தாங்கிய பீட்டர் வாட்டர்ஸ் பின்னர் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் பணியாற்றி, நனைந்த நூல்களைக் காக்கும் வழிமுறைகளை 1975இல் கையேடாக வெளியிட்டார்.

அதன் சாரம் எளியது. ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்தில் நனைந்த தாளில் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் எல்லா நூல்களையும் உலர்த்துதல் இயலாத செயல். ஆகவே உறைநிலைக்குக் கீழே குளிரூட்டி வைத்தால் அழிவு நின்று காலம் கிடைக்கும். பின்னர்ச் சிறிது சிறிதாக உலர்த்தலாம். பளபளப்புத் தாளில் அச்சிட்ட நூல்கள் உலரும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாதலால் அவற்றை முதலில் கவனித்தல் வேண்டும். வெயிலில் பரப்பி உலர்த்தினால் தாள் முறுகும், ஓலை பிளக்கும்.

தீயை அணைக்கும் நீரே பெருந்தீங்கு விளைப்பதும் உண்டு. 1988 பிப்ரவரியில் லெனின்கிராடு அறிவியல் கழக நூலகத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் நூல்கள் எரிந்தன. நீராலும் ஈரத்தாலும் கேடுற்றவை 36 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டது. நகர மக்கள் நனைந்த நூல்களை வீட்டிற்கு எடுத்துச் சென்று உலர்த்தித் திருப்பித் தந்தனர். பேரிடர்க் காப்பில் ஊராரின் பங்கு எத்தகையது என்பதற்கு இது சான்றாகும். நூலகத்தைத் தமதெனக் கருதும் மக்கள் இருந்தாலன்றி இது நிகழாது.

8. சட்டம் தரும் காப்பும் அதன் எல்லையும்

இந்தியாவில் அச்சிட்ட நூல்களுக்கு இரண்டாம் படியைச் சட்டமே அளிக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி ஒவ்வொரு வெளியீட்டாளரும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை மைய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றிற்குப் படி அனுப்புதல் வேண்டும். நாட்டின் நான்கு மூலைகளில் ஒரே நூல் இருப்பின் ஒரே பேரிடர் நான்கையும் தாக்காது. ஆனால் சட்டம் அச்சு நூலோடும் இதழோடும் நின்றுவிடுகிறது. ஓலைச்சுவடி, கையெழுத்து நோட்டு, களப்பணிக் குறிப்பு, ஒலிநாடா ஆகியவற்றை அது கருதவில்லை. எல்லைப்புறத் தமிழின் செல்வமோ பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்குவது.

தனியார் தொகுப்பு ஒன்று இரண்டாம் படி பெற்ற வரலாறும் நம்மிடையே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும் சிறு வெளியீடுகளும் 1992இல் அவர் மறைந்தபின் சிதறாமல் காக்கப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் அவை ஆய்வு நூலகமாயின. நுண்படச் சுருள்களில் படிகள் எடுக்கப்பட்டன. மூலம் இந்நாட்டிலேயே இருக்க, படி கடல் கடந்தும் அமைந்தது.

பேச்சு மொழிக்கும் இத்தகைய முன்மாதிரி உண்டு. கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழி ஆய்வின் இசைத்தட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மொழிகளின், கிளைமொழிகளின் ஒலிவடிவத்தைப் பதிந்தன. தட்டுகளின் படிகள் ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றிற்கு அனுப்பப்பட்டமையால் இன்றும் கேட்க இயலுகிறது. இதற்கு மாறாகப் பிற்கால ஆய்வாளர் பலருடைய நாடாக்கள் பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரிகளிலும் வீடுகளிலும் ஒற்றைப் படிகளாக உள்ளன. காந்தநாடா ஈரக்காற்றில் பிசுபிசுத்து ஒட்டிப் பழுதாவது. ஆய்வேடு நூலகத்தில் இருப்பினும் அதற்கு அடிப்படையான பேச்சு அழிந்துவிடுகிறது.

9. படிகளின் வகையும் தரமும்

படி என்பது ஒரே தன்மையது அன்று. படப்படி எழுத்தின் வடிவத்தையும் ஏட்டின் நிலையையும் காக்கும். எழுத்துப்பெயர்ப்பு சொல்லைக் காக்கும். ஆனால் சில ஒலிக் குறிப்புகளை மறைக்கும். மலையாள எழுத்தில் அதிரொலிகளுக்கும் மூச்சொலிகளுக்கும் தனி வரிவடிவங்கள் உள்ளன, தமிழில் இல்லை. ஆடல்பற்றின் உரைநடையில் வரும் வடசொற்கள் மலையாள எழுத்தில் எவ்வாறு பதிவாகியுள்ளன என்னும் செய்தி, தமிழ் எழுத்திற்கு மாற்றியவுடன் மறைந்துவிடும். மொழிபெயர்ப்பு பொருளைக் காக்கும். ஒலியையும் யாப்பையும் காவாது. பட்டியற் குறிப்பு பெயரை மட்டும் காக்கும். எனவே ஒரு சுவடிக்கு மொழிபெயர்ப்பு உண்டு என்பதால் காப்பு முடிந்ததாகக் கொள்ளலாகாது. எனினும் பிறிட்டோவின் பெயர்ப்பு காட்டுவது போல, யாதும் இல்லாத நிலையில் மொழிபெயர்ப்பே பெருந்துணையாகும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு.

முதலாவதாக, ஒவ்வொரு நூலகமும் தன் நூற்சேர்க்கைப் பதிவேட்டின் படியொன்றை வேறொரு நகரில் வைத்தல் வேண்டும். குறைந்த செலவில் உடனே செய்யத்தக்க காப்பு இதுவே. இரண்டாவதாக, முதலில் மீட்க வேண்டியவை எவை, அவை எந்த அறையில் உள்ளன, யாருக்குச் செய்தி சொல்வது, குளிர்ப்பதன வசதி எங்குள்ளது என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். 48 மணி நேரத்தில் சிந்தித்து முடிவெடுக்க இயலாது. மூன்றாவதாக, சுவடிகளையும் ஒற்றைப் படிகளையும் கீழ்த்தளத்திலும் நீர்க்குழாயின் அடியிலும் வைத்தலாகாது. நான்காவதாக, எல்லைப்புறப் பொருள்களைத் தமிழ், மலையாளம் ஆகிய இரு பட்டியல்களிலும் சேர்த்து, படிகளை இரு மாநிலங்களிலும் வைத்தல் வேண்டும்.

இவை பெரிய நூலகங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடியில் முதுவர் குடியிருப்பு ஒன்றில், தேநீர்க்கடை நடத்திய முதியவர் ஒருவர் 160 நூல்களைச் சாக்குப் பைகளில் வைத்துக் கடன் வழங்கி வந்ததை 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்நூலகத்தில் கட்டணமும் இருந்தது. யார் எதனை எடுத்தார் என்பதைக் காட்டும் பதிவேடும் இருந்தது. 2013இல் 37 நூல்கள் கடன் பெறப்பட்டன என்று இன்று சொல்ல முடிவது அப்பதிவேட்டைக் கண்ட ஒருவர் அதனை வேறோரிடத்தில் எழுதி வைத்ததனால் ஆகும்.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தம் பணியைக் காப்புப் பணி எனக் கருதுவது அரிது. களத்தில் பதிந்த ஒலிநாடாவும், பெயர்த்தெழுதிய நோட்டும், பெயர்ப்பிற்காகப் பார்த்த சுவடியின் நிழற்படமும் அவரவர் ஆய்வு முடிந்ததும் மூலையில் ஒதுங்குகின்றன. பல வேளைகளில் அவையே மூலத்திற்கு உள்ள ஒரே இரண்டாம் படி. அவற்றைப் பெயர், இடம், நாள் ஆகிய குறிப்புகளோடு இரு நூலகங்களில் ஒப்படைத்தல் ஆய்வின் இறுதிப் படிநிலையாகக் கொள்ளப்பட வேண்டும். பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருவது. அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டிய பணி இது.